பிரிந்த அயலும் எஞ்சும் நட்பும்
அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்கள் சில பற்றிய ஒரு நோக்கு

1

தமிழில் 'அயல்' என்னும் சொல் இருவேறு பொருள் பயப்பது. அருகில் இருப்பதும் அயல். நமக்கு உரியதல்லாததும் அயல். அயலார் என்னும்போது அடுத்த வீட்டாரையும் கருதுகின்றோம். உறவல்லாத பிறரையும் கருதுகின்றோம். அண்மையும் அந்நியமும் ஒரே சொல்லில் அடங்கியிருத்தல் சிந்தனைக்குரியது. அயலவரோடு நமக்குள்ள தொடர்பு குருதியினால் வந்ததன்று; பெரும்பாலும் நாமாகத் தேர்ந்துகொண்டதுமன்று. ஒரு வேலியோ சுவரோ மாடிப்படியோ அவரையும் நம்மையும் அருகருகே வைத்துவிட்டது. நாளடைவில் அது நட்பாகவும் மாறிவிடுகின்றது. பின்னர் ஒருநாள் அவ்விரு குடும்பங்களுள் ஒன்று வீடு மாறிச் செல்கின்றது. அப்பொழுது அந்த நட்புக்கு நேர்வது யாது?

இவ்வினாவை இலக்கியத்தில் தேடுவதே வழக்கம். யான் அதனைத் தொலைக்காட்சியில், அதுவும் பலராலும் வெறும் பொழுதுபோக்கு எனத் தள்ளப்படும் அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களில் தேட முற்படுகின்றேன். இம்முயற்சி சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின் ஒரு சமுதாயத்தின் கோடிக்கணக்கான மக்கள் கிழமைதோறும் ஒரே நேரத்தில் அமர்ந்து பார்த்துச் சிரித்த ஒரு கலைவடிவம், அம்மக்களின் ஆசைகளையும் அச்சங்களையும் ஏதோ ஒரு வகையிற் பிரதிபலிக்காமல் இருத்தல் இயலாது. கூத்தையும் நாட்டார் பாடலையும் அவ்வாறு நோக்க நாம் கற்றிருக்கின்றோம். தொலைக்காட்சித் தொடரையும் அவ்வாறே நோக்குதல் தவறாகாது.

இந்நோக்கிற்கு வேண்டிய அளவுகோல் நம்மிடமே உண்டு. திருக்குறளின் நட்பு அதிகாரத்துக்கு உரைகண்ட பரிமேலழகர், நட்புக்குக் காரணங்களாக மூன்றனைப் பிரித்துக் காட்டுவார். ஓரிடத்தவராய் இருத்தல் முதலாவது. பலகாலும் கண்டும் பேசியும் பழகுதல் இரண்டாவது. உணர்ச்சி ஒத்தல் மூன்றாவது. மூன்றாவது இருப்பின் ஏனைய இரண்டும் வேண்டுவதில்லை என்பதே அக்குறளின் கருத்து. ஒருவரையொருவர் காணாமலே நண்பராகி, இறுதியில் உடன் வடக்கிருந்து உயிர்நீத்த கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் அதற்கு எடுத்துக்காட்டாக நிற்கின்றனர்.

அயலவர் நட்பு இதற்கு நேர்மாறான திசையில் வளர்வது. அங்கு முதலில் அமைவது இடம். அடுத்து அமைவது பழக்கம். உணர்ச்சி பிந்தி வருகின்றது, வராமலும் போகின்றது. அயலவராய் வாழுங்காலத்து இம்மூன்றும் ஒன்றோடொன்று கலந்திருப்பதால் எது எதனைத் தாங்குகின்றது என்று அறிய முடிவதில்லை. ஒருவர் வீடு மாறும்போது முதலிரண்டும் கழன்றுவிடுகின்றன. மூன்றாவது உண்டா, இல்லையா என்பது அப்பொழுதே தெரியவருகின்றது. ஆகவே 'பழைய அயலவர்' என்னும் நிலையே அயலவர் நட்பின் உரைகல் எனலாம்.

2

இத்தொடர்களில் அயலவர் பெறும் இடத்தை விளங்கிக்கொள்ள அவற்றின் உருவத்தை முதலில் நோக்குதல் வேண்டும். ஏறத்தாழ அரைமணி நேர நிகழ்ச்சி. இரண்டு அல்லது மூன்று நிலையான காட்சியமைப்புகள். பெரும்பாலும் எதிரே உயிருள்ள பார்வையாளர் கூட்டம். 1951 ஒக்ரோபரில் சீ.பீ.எஸ். நிறுவனத்தின் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'ஐ லவ் லூசி', பார்வையாளர் முன்னிலையில் மூன்று திரைப்படக் கமெராக்களைக் கொண்டு படமாக்கப்பட்டது. ஜெர்மானியத் திரைப்படங்களிற் பெயர்பெற்றிருந்த ஒளிப்பதிவாளர் கார்ல் பிறொயின்ட் அதற்குத் துணைநின்றார். பின்வந்த பல தொடர்கள் இம்முறையைப் பின்பற்றின. இதன் விளைவாக இக்கலைவடிவம் அடிப்படையில் ஒரு நாடக மேடையாகவே இருந்தது. மேடைக்கு ஒரு கதவு வேண்டும்; கதவு வழியாக ஒருவர் வரவும் வேண்டும். உறவினர் நாள்தோறும் வருதல் இயல்பன்று. அலுவலக நண்பர் வருவதற்குக் காரணம் கூறவேண்டும். அடுத்த வீட்டார் வருவதற்கோ காரணமே வேண்டியதில்லை.

'த ஹனிமூனர்ஸ்' என்னும் தொடரில் (1955-56), புறூக்லினின் வறிய தொடர்மாடிக் குடியிருப்பொன்றில் பஸ் சாரதியான றல்ப் கிறாம்டனின் சமையலறைக்குள் மேல்மாடியில் வசிக்கும் கழிவுநீர்க் குழாய்த் தொழிலாளி எட் நோட்டன் எந்நேரமும் வந்து நுழைகின்றான். அவன் வந்த பின்னரே கதை நகர்கின்றது. லூசியின் வீட்டிற்கு எதெல் வருவதும் இத்தகையதே. கதவைத் தட்டுதல் என்னும் சம்பிரதாயத்தை இப்பாத்திரங்கள் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. ஆகவே அயலவர் நட்பு இத்தொடர்களுக்குக் கருப்பொருள் மாத்திரமன்று. அது அவற்றின் கட்டுமானமுமாகும்.

இக்கட்டுமானம் மக்களைக் கவர்ந்தமைக்குச் சமூகக் காரணமும் உண்டு. இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் வீடு மாறினர் என்பதை அந்நாட்டின் குடிசன மதிப்பீட்டுத் தரவுகள் காட்டுகின்றன. நகரத்துத் தொடர்மாடிகளையும் நெருங்கிய தெருக்களையும் விட்டுப் புறநகரத் தனிவீடுகளுக்குச் சென்றோர் பலர். அவ்வாறு சென்றவர்கள் தம் புதிய வீட்டின் முன்னறையில் அமர்ந்து, கதவைத் தட்டாமல் உள்ளே வரும் ஓர் அயலவரைத் திரையில் கண்டனர். தாம் இழந்து வந்ததையே அவர்கள் கண்டனர் என்று கூறுதல் மிகையாகாது.

இத்தகைய ஒரு வடிவத்தில் அயலவர் பிரிந்து செல்வது கதையில் வரும் ஒரு சம்பவம் மாத்திரமன்று. தூணொன்றைப் பெயர்ப்பது போன்றது. அத்தூண் பெயர்ந்தபோது மூன்று தொடர்கள் செய்தவற்றை இனி ஒவ்வொன்றாக நோக்குவோம்.

3

'ஐ லவ் லூசி'யில் லூசி, றிக்கி றிக்காடோ தம்பதியர் நியூயோர்க்கின் மன்ஹற்றனில் ஒரு தொடர்மாடிக் கட்டடத்தில் வாடகைக்கு இருப்போர். அக்கட்டடத்தின் சொந்தக்காரரான பிரெட், எதெல் மேட்ஸ் தம்பதியரே அவர்களின் அயலவர். லூசியாக லூசில் போலும், எதெலாக விவியன் வான்சும் நடித்தனர். ஆறாவது பருவத்தில், 1957ஆம் ஆண்டின் தொடக்கத்தில், றிக்காடோ குடும்பம் கனெற்றிக்கட் மாநிலத்து வெஸ்ற்போட்டுக்குக் குடிபெயர்கின்றது. நகரிலிருந்து புறநகருக்குச் சென்ற அக்கால நடுத்தர வர்க்கத்தின் பயணமே அது.

பிரிவுக்குப்பின் வரும் ஓர் அத்தியாயம் நம் கவனத்துக்குரியது. இரு குடும்பங்களும் ஒன்றையொன்று காணாது வாடுகின்றன. ஒருவருக்கும் சொல்லாமற் சென்று வியப்பில் ஆழ்த்தலாம் என எண்ணி லூசியும் றிக்கியும் நகரை நோக்கிப் புறப்படுகின்றனர். அதே எண்ணத்தோடு பிரெட்டும் எதெலும் வெஸ்ற்போட்டுக்கு வந்து சேர்கின்றனர். பின்னர் ஒரே வீட்டில் ஒருவரையொருவர் கள்வர் என அஞ்சுகின்றனர். பார்ப்போருக்குச் சிரிப்பு வருகின்றது. ஆயினும் அந்நகைச்சுவையின் உள்ளே ஓர் உண்மை உண்டு. அயலவராய் இருந்தபோது முன்னறிவித்தல் வேண்டியிருக்கவில்லை; சொல்லாமல் வருவதே அவர்களின் நட்பின் இலக்கணம். தூரம் வந்தபின் அதே பழக்கம் அவர்களைச் சந்திக்கவிடாமற் செய்கின்றது. சந்தித்தபோதும் நண்பரைக் கள்வராகக் காட்டுகின்றது. அயலவர் நட்பின் முறை வேறு, தூரத்து நட்பின் முறை வேறு என்பதைப் பல பக்கங்களில் விளக்குவதிலும் இவ்வத்தியாயம் தெளிவாக விளக்கிவிடுகின்றது.

ஆயின் தொடர் தான் கண்ட உண்மையைத் தானே தாங்கிக்கொள்ளவில்லை. சில வாரங்களுள் கோழி வளர்க்கும் திட்டமொன்றைக் காரணங்காட்டி மேட்ஸ் தம்பதியரும் வெஸ்ற்போட்டுக்கு வந்து, றிக்காடோ வளவிலுள்ள விருந்தினர் இல்லத்திற் குடியேறுகின்றனர். அடுத்து வரும் அத்தியாயத்தில், கோழிகள் முட்டையிடாமையை றிக்கியிடமிருந்து மறைப்பதற்காக, கடையில் வாங்கிய முட்டைகளைத் தம் ஆடைகளுக்குள் ஒளித்துக் கோழிக்கூட்டுக்குக் கொண்டுசெல்ல முற்படுகின்றனர் லூசியும் எதெலும். றிக்கி லூசியை ரங்கோ நடனத்துக்கு இழுக்கின்றான், முட்டைகள் நொறுங்குகின்றன. பழைய கூட்டுச்சதி திரும்பிவிட்டது. பார்வையாளரும் நிறைவு பெற்றனர்.

இந்த நிறைவுக்குக் கொடுத்த விலையைப் பலரும் கவனிப்பதில்லை. நியூயோர்க்கில் மேட்ஸ் தம்பதியர் வீட்டுச் சொந்தக்காரர். றிக்காடோ குடும்பத்தவர் குடியிருந்தோர். வெஸ்ற்போட்டிலோ அந்நிலை தலைகீழாகின்றது. முன்னர் வாடகை கொடுத்தவன் இப்பொழுது நிலத்துக்கு உரியவன். வாடகை வாங்கியவன் அவனது வளவின் ஓர் ஓரத்தில் இருப்பவன். நட்பு காப்பாற்றப்பட்டது, ஆயின் சமத்துவம் காப்பாற்றப்பட்டதாகக் கூறமுடியாது. முன்னேறிச் சென்ற நண்பனின் அருகில் இருக்க வேண்டுமாயின் அவன் முற்றத்தில் இடம்பெறுதல் வேண்டும் என்று கதை கூறாமற் கூறுகின்றது.

திரைக்கு வெளியே நிகழ்ந்தது வேறு. விவியன் வான்ஸ் 1962இல் தொடங்கிய 'த லூசி ஷோ'விலும் லூசியின் தோழியாக நடித்தார். இம்முறை இருவரும் ஒரே வீட்டில் வசிக்கும் பாத்திரங்கள். அக்காலத்தில் அவர் கணவரோடு வாழ்ந்தது மெய்யாகவே கனெற்றிக்கட்டில். நடிப்பதற்கு ஹொலிவூட்டுக்குப் பறந்து செல்லவேண்டியிருந்தது. அப்பயணங்களிற் களைப்புற்று 1965இல் நிரந்தரப் பாத்திரத்திலிருந்து விலகினார். அதன்பின் சில அத்தியாயங்களில் மாத்திரம், வந்து போகும் பழைய சினேகிதியாகத் தோன்றினார். திரையில் எதெல் தன் தோழியைத் தொடர்ந்து கனெற்றிக்கட்டுக்குச் சென்றாள். திரைக்கு வெளியே தோழி கலிபோர்னியாவில். எதெலாக நடித்தவரோ கனெற்றிக்கட்டில். கதையில் மறுக்கப்பட்ட தூரம் நடிகையரின் வாழ்வு வழியாகக் கதைக்குள்ளும் வந்துவிட்டது.

4

இரண்டாவது எடுத்துக்காட்டு வர்க்கத்தையும் நிறத்தையும் நேரடியாகத் தொடுவது. 1971 ஜனவரியில் தொடங்கிய 'ஓல் இன் த பமிலி' நியூயோர்க்கின் குயின்ஸ் பகுதியில், வெள்ளைத் தொழிலாளி ஆர்ச்சி பங்கரின் வீட்டில் நிகழ்வது. ஆர்ச்சி நிறவெறி நிரம்பியவன். அவன் மனைவி ஈடித் வெள்ளையுள்ளம் படைத்தவள். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் வந்த அத்தியாயமொன்றில், அடுத்த வீட்டைக் கறுப்பினத்தார் வாங்குவதைத் தடுக்க முனைகின்றான் ஆர்ச்சி. வரவிருப்போர் தனக்கு அறிமுகமான லயனல் என்னும் இளைஞனின் குடும்பத்தாரே என்பது பின்னர் தெரியவருகின்றது. லயனலின் தாய் லூயிஸ் ஜெபர்சனுக்கும் ஈடித்துக்கும் நட்பு மலர்கின்றது. லூயிசின் கணவன் ஜோர்ஜும் ஆர்ச்சிக்குச் சளைத்தவனல்லன். வெள்ளையர் வீட்டிற் காலடி வைக்க அவன் விரும்புவதில்லை. விருந்தொன்றுக்கு அவன் வர மறுக்க, அவனுடைய தம்பி ஹென்றி அவனாக நடித்துச் சமாளிக்கும் அத்தியாயமும் உண்டு.

இரு ஆண்களின் பகைமைக்கு நடுவே இரு பெண்களின் நட்பு வளர்ந்தமையே இத்தொடரின் மெல்லிய சிறப்பு. அரசியல் வாதங்களும் வசைகளும் முன்னறையில் முழங்க, இவ்விருவரும் அடுத்தடுத்த வீடுகளின் கதவுகளைத் திறந்தே வைத்திருந்தனர். கொள்கையினால் வந்த சகோதரத்துவமன்று அது. நாள்தோறும் கண்டதனால், பேசியதனால், ஒருவர் சமையலறையை மற்றவர் அறிந்ததனால் வந்தது. பரிமேலழகர் கூறும் முதலிரு காரணங்களின் ஆற்றலை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய தொடர் வேறொன்று அரிது. நிறவேற்றுமை என்னும் பெருஞ்சுவரை ஒரு சிறிய அண்மை துளைத்துவிடுகின்றது. உணர்ச்சி ஒத்தலை எதிர்பார்த்துக் காத்திருந்தால் அவர்கள் நண்பராகியிருக்கமாட்டார்கள். அண்மை அவர்களைக் காத்திருக்கவிடவில்லை.

1975 ஜனவரியில் ஜெபர்சன் குடும்பம் குயின்சை விட்டுச் செல்கின்றது. ஆடை வெளுக்கும் தொழிலில் ஜோர்ஜ் செல்வம் சேர்த்துவிட்டான். மன்ஹற்றனின் கிழக்குப் பகுதியில் வானளாவிய மாடியொன்றில் அவர்களுக்கு வீடு கிடைக்கின்றது. அவ்வாரத்துக்கு அடுத்த வாரமே 'த ஜெபர்சன்ஸ்' என்னும் தனித்தொடர் தொடங்குகின்றது. அது 1985 வரை நிலைத்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் வசதிபடைத்த கறுப்பினக் குடும்பமொன்றை நடுநாயகமாக்கி இத்துணைக் காலம் நீடித்தமை ஒரு சாதனையே. அத்தொடரின் முகப்புப் பாடல் மேலேறிச் செல்வதைக் கொண்டாடுகின்றது. அக்கொண்டாட்டம் நியாயமானது. நூற்றாண்டுகளாக மேலேற விடப்படாத ஒரு மக்கட்கூட்டத்தின் ஏற்றத்தைக் கண்டு யார்தான் மகிழாதிருப்பர்?

ஆயினும் ஏறுவோர் விட்டுச் செல்வது எதனை என்னும் வினா எஞ்சுகின்றது. புதிய தொடரின் முதல் அத்தியாயமே அதற்குத் தன்னையறியாமல் விடை கூறுகின்றது. லூயிஸ் புதிய கட்டடத்தில் டயான் என்னும் பெண்ணோடு சினேகமாகின்றாள். டயான் அக்கட்டடத்தில் வேலைக்காரியாக இருப்பவள். லூயிசும் தன்னைப் போன்ற வேலைக்காரியே என அவள் எண்ணியிருந்தாள். லூயிஸ் ஒருகாலத்தில் அவ்வேலையைச் செய்தவளுங்கூட. அவள் அவ்வீட்டின் தலைவி என்பது தெரியவந்ததும் அந்நட்பு தடுமாறுகின்றது. அதே அத்தியாயத்தில் ஜெபர்சன் வீட்டுக்கும் ஒரு வேலைக்காரி தேடப்படுகின்றாள்.

இரு நட்புகளையும் அருகருகே வைத்து நோக்குவோம். குயின்சில் நிறம் வேறு, வர்க்கம் ஏறத்தாழ ஒன்று, நட்பு நிலைபெற்றது. மன்ஹற்றனில் நிறம் ஒன்று, வர்க்கம் வேறு; நட்பு இடர்ப்பட்டது. இதனை எழுதியோர் ஒரு சமூகவியற் கருத்தை நிறுவும் நோக்கோடு எழுதினர் என யான் கூறவில்லை. ஆயின் கலைப்படைப்பு ஆக்கியோனின் நோக்கத்தைக் கடந்தும் பேசுவதுண்டு. ஈடித்தும் லூயிசும் பிரிந்தமைக்கு நிறவெறி காரணமன்று. ஆர்ச்சியின் நாவினால் அதனைப் பிரிக்க முடியவில்லை. செல்வம் பிரித்தது. நான்கு ஆண்டுகளாக வெறுப்புக்குத் தாக்குப்பிடித்த நட்பு, வளவாழ்வுக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. 'த ஜெபர்சன்ஸ்' தொடரின் பதினொரு பருவங்களிலும் லூயிசின் அன்றாடத்தைச் சூழ்ந்திருப்போர் புதிய மாடியின் புதிய அயலவரே. ஈடித்தின் நட்பு அத்தொடருக்கு ஆதாரமாக அமையவில்லை. குயின்சில் ஜெபர்சன் குடும்பம் வாழ்ந்த வீட்டுக்கோ 1975இலேயே ஈடித்தின் மகளும் மருமகனும் குடிவந்துவிட்டனர். வெற்றிடமாய் விடப்படாத அந்த வீடு, ஈடித் எதனை இழந்தாள் என்று கேட்பதற்கும் இடம் வைக்கவில்லை.

5

மூன்றாவது, என் நோக்கில் மிகச் சிறந்தது, 'த மேரி ரைலர் மூர் ஷோ'. 1970 செப்ரெம்பர் முதல் 1977 மார்ச் வரை ஒளிபரப்பாகியது. முப்பது வயதான மேரி றிச்சாட்ஸ் காதல் முறிவின்பின் மினியாபொலிஸ் நகருக்குத் தனியே வந்து ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் செய்திப் பிரிவில் வேலைக்கமர்கின்றாள். அவளுக்காக ஒதுக்கப்பட்ட வீட்டைத் தனக்கே உரியதெனக் கருதுபவள் மேல்மாடியில் வசிக்கும் றோடா மோர்கன்ஸ்ரேன். கடையொன்றின் காட்சிச் சாளரங்களை அலங்கரிப்பவள், நியூயோர்க்கின் புறொங்ஸ் பகுதியிலிருந்து வந்த யூதப் பெண், கூரிய நாவினள். ஆக இந்நட்பு அண்மையினாற் பிறந்த பகையில் தொடங்குகின்றது. ஒரே வீட்டுக்குப் போட்டியிட்ட இருவர் ஒருவருக்கொருவர் இன்றியமையாதவராக மாறும் வளர்ச்சியை அத்தொடர் நான்கு பருவங்களில் அவசரமின்றிக் காட்டியது.

1974இல் றோடா நியூயோர்க் திரும்பித் தன் பெயராலேயே அமைந்த தனித்தொடரின் தலைவியாகின்றாள். இதற்கு வணிகக் காரணம் வெளிப்படை. மக்கள் விரும்பிய பாத்திரம் ஒரு முதலீடு. அதனைக் கிளையாகப் பிரித்து நட்டால் இரு மரங்கள். மற்றோர் அயலவளான பிலிசும் 1975இல் அவ்வாறே சன் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பப்பட்டாள். இங்கு ஓர் ஐயம் எழலாம்: வணிகக் காரணத்தால் நேர்ந்த பிரிவில் வாழ்வின் பொருளைத் தேடுவது முறையா? வாழ்விலும் அயலவர் பிரிவதற்குரிய காரணங்கள் பெரும்பாலும் இத்தகையனவே: வேலை, வாடகை, திருமணம், இடமாற்றம். நட்பின் பொருட்டு வீடு மாறுவோர் சிலர். பொருளின் பொருட்டு மாறுவோர் பலர். பிரிவின் காரணம் எதுவாயினும் பிரிந்தோர் என்ன செய்தனர் என்பதே நம் வினா.

1974 ஒக்ரோபரில் ஒளிபரப்பான றோடாவின் திருமண அத்தியாயத்தை 5 கோடிக்கு மேற்பட்டோர் பார்த்தனர். மினியாபொலிசிலிருந்து மேரியும் ஏனையோரும் வருகின்றனர். மணமகளை அழைத்துவரும் பொறுப்பை ஏற்ற பிலிஸ் அதனை மறந்துவிட, றோடா மணக்கோலத்தோடு நிலத்தடிப் புகையிரதத்தில் புறொங்சுக்கு விரைகின்றாள். பழைய அயலவர் விழாக்களிற் கூடுதல் நாமும் அறிந்ததே. விழா முடிந்தபின் அவரவர் ஊருக்குச் செல்வதும் அறிந்ததே. புதிய தொடரில் றோடாவின் கதவைத் திறந்துகொண்டு வருபவள் அதே கட்டடத்தில் வசிக்கும் தங்கை பிறென்டா. அயலவளின் இடத்தைக் குருதியுறவு நிரப்பிவிட்டது. மேரியோ 1975இல் தன் பழைய வீட்டையும் விட்டு உயர்மாடிக் குடியிருப்பொன்றுக்குச் செல்கின்றாள். மேல்மாடியிலிருந்து எவரும் இறங்கி வராத அவ்வீட்டுக்குச் சென்றபின், தொடரின் இதயம் முழுமையாக அலுவலகத்துக்கு மாறிவிடுகின்றது. ஒரு நூற்றாண்டுப் பகுதியின் சமூக மாற்றமே இங்கு தெரிகின்றது: வீட்டு அயல் சுருங்கி, தொழிலிடமே அயலாகின்றது.

ஆனால் தொழிலிடமும் நிலையானதன்று. 1977 மார்ச் 19ஆந் திகதி ஒளிபரப்பான இறுதி அத்தியாயத்தில், நிலையத்தின் புதிய நிருவாகம் செய்திப் பிரிவினரை வேலையிலிருந்து நீக்குகின்றது; திறமையற்ற செய்தி வாசிப்பாளன் ரெட் ஒருவனே தப்புகின்றான். மனமுடைந்த மேரியைத் தேற்றுவதற்காக றோடாவும் பிலிசும் தொலைவிலிருந்து வரவழைக்கப்படுகின்றனர். இக்காட்சி விருந்தினர் தோற்றம் என்னும் வழக்கமான உத்தியாகவே பலருக்குத் தோன்றியிருத்தல் கூடும். யான் அவ்வாறு கருதவில்லை. அன்று மேரியும் அவளது சக ஊழியரும் முதன்முறையாகப் 'பழையவர்' ஆகின்றனர். அந்நிலையை ஏற்கெனவே அனுபவித்தவர் இருவரே: றோடாவும் பிலிசும். பிரிந்தபின்னும் ஒருவருக்கொருவர் ஏதோ ஒன்றாக இருக்கமுடியும் என்பதற்கு அவர்களின் வருகையே சான்று. அவர்கள் தேறுதல் கூற வேண்டியதுமில்லை. வாசலில் நிற்பதே போதுமானது.

அத்தொடர் அங்கேயே முடிந்திருப்பின் அது ஓர் இனிய பொய்யாகவும் நின்றிருக்கும். 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஏ.பீ.சீ. நிறுவனம் ஒளிபரப்பிய 'மேரி அன்ட் றோடா' என்னும் தொலைக்காட்சிப் படம் அப்பொய்யை உடைத்தது. மேரி கணவனை இழந்தவள்; றோடா மணமுறிவு கண்டவள்; இருவருக்கும் வளர்ந்த பெண்பிள்ளைகள் உண்டு. இருவரும் பல ஆண்டுகளாகத் தொடர்பற்றிருந்து நியூயோர்க்கில் மீண்டும் சந்திக்கின்றனர். படம் கலைத்தரத்தில் மூலத் தொடருக்கு ஈடானதன்று, நகைச்சுவை மெலிந்தது, கதையோட்டமும் சீரானதன்று. ஆயினும் அது செய்த ஒப்புதல் ஒன்று பெறுமதி வாய்ந்தது. தொலைக்காட்சியின் மிகச் சிறந்த தோழியர் எனக் கொண்டாடப்பட்ட இருவரும் ஒருவரையொருவர் தவறவிட்டனர் என்பதை அது மறைக்கவில்லை. பகைத்துப் பிரிவதற்கு ஒரு நாள் வேண்டும். தொடர்பற்றுப் போவதற்கு எந்த நாளும் வேண்டியதில்லை. மேல்மாடியும் கீழ்மாடியும் இருந்தவரை முயற்சியின்றி நடந்தது, தூரம் வந்தபின் முயற்சியின்றி நடக்கவில்லை.

6

மூன்று தொடர்களையும் தொகுத்து நோக்குமிடத்து ஒரு முடிவுக்கு வரலாம். 'ஐ லவ் லூசி' பிரிவை மறுத்தது. அதனால் நட்பு தப்பியது; உண்மை தப்பவில்லை. 'த ஜெபர்சன்ஸ்' பிரிவை வெற்றியாகக் கொண்டாடியது. வெற்றி மெய்யானதே, ஆயின் அதன் விலையை அத்தொடர் கணக்கில் எழுதவில்லை. மேரியின் கதை மாத்திரமே பிரிவை ஏற்று, அதனூடாக நட்பைத் தேடி, இறுதியில் அந்நட்பின் தேய்வையும் ஒப்புக்கொண்டது. அதனாலேயே அதனை இம்மூன்றினுள் முதலாவதாக வைக்கின்றேன்.

நகைச்சுவைத் தொடரிடம் இத்துணை உண்மையை எதிர்பார்த்தல் தகுமா என்று வினவுவோர் உளர். சிரிப்பூட்டுவது அதன் கடமை. வாழ்வை விளக்குவது அதன் கடமையன்று என்பர். சிரிப்புக்கும் உண்மைக்கும் பகையில்லை என்பதற்கு இருளில் நண்பரைக் கள்வரென அஞ்சும் அந்த அத்தியாயமே போதிய விடை. அங்கு உண்மையினாலேயே சிரிப்புப் பிறக்கின்றது.

பரிமேலழகரின் பகுப்பை இவ்விடத்துச் சிறிது திருத்திக்கொள்ளவும் தோன்றுகின்றது. உணர்ச்சி ஒத்தல் இருப்பின் இடமும் பழக்கமும் வேண்டா என்பது பிசிராந்தையார் போன்ற பெருமக்களுக்குப் பொருந்தும். ஏனையோராகிய நமக்கு உணர்ச்சி என்பது பெரும்பாலும் பழக்கத்தினுள்ளேதான் வாழ்கின்றது. பழக்கம் அற்றால் அது மூச்சுத் திணறுகின்றது. றோடாவுக்கும் மேரிக்கும் உணர்ச்சி ஒத்திருக்கவில்லை என எவரும் கூறார். அவர்களுக்கு இல்லாமற் போனது மாடிப்படி. ஆகவே, பிரிந்த அயலவர் அம்மாடிப்படிக்கு ஈடாக வேறொன்றைத் தாமே அமைத்துக்கொள்ளல் வேண்டும்: ஒரு கடிதம், ஒரு தொலைபேசி அழைப்பு, ஆண்டுக்கொருமுறை ஒரு பயணம். அது தானாக அமைவதில்லை.

இச்சஞ்சிகையை வாசிக்கும் மாணவருட் பலர் விடுதி அறைகளில் வசிப்போர். சுவருக்கு அப்பாலிருப்பவர் இருமுவதும் பாடுவதும் நமக்குத் தெரியும். தேநீருக்குச் சீனி முடிந்தால் எந்த அறைக்குச் செல்வது என்பதும் தெரியும். கதவைத் தட்டும் வழக்கம் நமக்கும் இல்லை. நான்கு ஆண்டுகளுக்குரிய இந்த அயலை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. விடுதி நிருவாகத்தின் பட்டியலொன்று தேர்ந்தது. இறுதிப் பரீட்சை முடிந்த மறுநாள் பெட்டிகள் கட்டப்படும். அடுத்த தவணையில் அவ்வறைகளுக்குப் புதியவர் வருவர். அன்று நாம் அனைவரும் ஒருவருக்கொருவர் பழைய அயலவராவோம். முட்டைகளை ஒளித்த லூசியையும், ஈடித்தை விட்டுச் சென்ற லூயிசையும், பல ஆண்டுகளின் பின்னர் றோடாவைக் கண்ட மேரியையும் பார்த்து நாம் சிரித்தவையெல்லாம் பிறர் கதைகள். அடுத்த அறைக் கதவு பூட்டப்படும் நாளில் நாம் எடுக்கவிருக்கும் முடிவு நமது கதை.